இலஞ்சம் கேட்டால் எங்கே போவது? இலங்கையில் உள்ள வழிகள், ஓர் ஒப்பீடு

காணி அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பித்து இரண்டு வருசம் ஆகிறது. கோப்பு நகரவில்லை. ஒருநாள் அலுவலக வாசலில் ஒருவர் பக்கத்தில் வந்து, "ஐயாவைக் கொஞ்சம் கவனிச்சால் இந்த மாசமே முடிஞ்சிடும்" என்கிறார். இப்படி ஒரு நிலையில் மாட்டிக்கொண்டவர்கள் கேட்பது ஒரே கேள்வியைத்தான்: "இதை எங்க போய்ச் சொல்லுறது?"

சொல்ல இடம் இல்லாமல் இல்லை. இலஞ்ச ஊழல் ஆணைக்குழு இருக்கிறது, தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, மேலதிகாரி, மனித உரிமைகள் ஆணைக்குழு, உயர் நீதிமன்றம் எல்லாம் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வேறு வேலைக்கு உண்டானது என்பதுதான் சிக்கல். யாரோ சொன்னதைக் கேட்டுப் பொருந்தாத இடத்துக்கு எழுதி, ஆறு மாதம் காத்திருந்து, அதற்குள் சரியான இடத்தின் காலக்கெடுவைத் தவறவிட்டவர்கள் நிறையப் பேர். அதனால் எதை வைத்துத் தெரிவு செய்வது என்பதை முதலில் பார்ப்போம்.

## எதை வைத்து முடிவெடுப்பது

உங்களுக்கு என்ன வேண்டும்? காரியம் நடக்க வேண்டுமா, கேட்டவர் பிடிபட வேண்டுமா? இரண்டும்தான் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் இரண்டுக்கும் பாதை வேறு, வேகமும் வேறு. ஒரு அலுவலர் கையும் களவுமாகப் பிடிபட்டாலும் உங்கள் கோப்பு அதனால் தானாக நகர்ந்துவிடாது. சில வேளை அது வழக்குச் சான்றாகப் போய் இன்னும் தாமதமாகும். முதலில் எது முக்கியம் என்பதை வீட்டில் இருந்து பேசி முடிவு செய்துவிடுங்கள்.

அடுத்தது ஆதாரம். நேற்றுத்தான் கேட்டார்கள், இன்னும் கொடுக்கவில்லை என்றால் உங்கள் நிலை பலமானது. கொடுத்து முடித்து ஒரு வருசம் ஆகிவிட்டது என்றால் கதையே வேறு.

மூன்றாவது காலக்கெடு. நான்காவது, உங்கள் பெயர் வெளியே தெரியுமா என்பது. ஒரே பிரதேச செயலகத்துக்கு நாளைக்கு அஸ்வெசுமவுக்கும், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுக்கும் போய் நிற்க வேண்டியவர்களுக்கு இது சின்ன விசயம் இல்லை.

ஐந்தாவதை யாரும் யோசிப்பதில்லை: ஆட்சி மாறினாலும் அந்த அமைப்பு நிற்குமா? இலங்கையில் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். சுயாதீன ஆணைக்குழுக்களுக்கு யாரை நியமிப்பது என்பதை அரசியலமைப்புப் பேரவையிடம் விட்டது 2001ஆம் ஆண்டின் 17ஆவது திருத்தம். 2010இல் 18ஆவது திருத்தம் அதைப் பறித்து ஜனாதிபதியிடம் கொடுத்தது. 2015இல் 19ஆவது திருத்தம் திருப்பிக் கொண்டுவந்தது, 2020இல் 20ஆவது மறுபடியும் பறித்தது. அரகலய நடந்து, கோட்டாபய ராஜபக்ஷ நாட்டை விட்டு ஓடிய பிறகு, 2022 ஒக்டோபரில் 21ஆவது திருத்தம் மீண்டும் பேரவையைக் கொண்டுவந்தது. இருபத்தொரு வருசத்தில் ஐந்து திருப்பம். 2019 ஆட்சி மாற்றத்துக்குப் பிறகு இலஞ்ச ஆணைக்குழுவின் வழக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக மீளப் பெறப்பட்டன. ஆணையாளர்கள் மூவரின் எழுத்துமூல ஒப்புதல் முறையாக வைக்கப்படவில்லை என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். குற்றம் நடந்ததா இல்லையா என்ற கேள்விக்கே நீதிமன்றம் போகவில்லை. அந்த வழக்குகளுக்காகச் சாட்சி சொல்ல முன்வந்தவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

அதனால் என் கணக்கு இது: எந்த வழியில் போனாலும் உங்கள் கையில் கடதாசி மிஞ்ச வேண்டும். ஆணையாளர்கள் மாறலாம், திகதியிட்டுக் கையொப்பத்தோடு வந்த பதில் மாறாது.

## ஒரே பார்வையில்

| வழி | முக்கியமாகக் கிடைப்பது | காலக்கெடு | பெயர் வெளியே தெரிவது | பணச் செலவு |
|---|---|---|---|---|
| கொடுத்துவிடுவது | காரியம், சில வேளை | இல்லை | தெரியாது, ஆனால் நீங்களும் குற்றவாளி | கேட்ட தொகை, பிறகு இன்னும் |
| தகவல் கோரிக்கை | பதிவு, கோப்பு அசைவு | பதிலுக்கு 14 வேலை நாள் | அலுவலகத்துக்குத் தெரியும் | மிகக் குறைவு |
| இலஞ்ச ஆணைக்குழு | கைது, வழக்கு | கொடுப்பதற்கு முன் என்றால் நல்லது | வழக்கில் சாட்சியாகத் தெரியும் | போக்குவரத்து, வேலை இழப்பு |
| மேலதிகாரி, உள்ளக முறைப்பாடு | காரியம், இடமாற்றம் | இல்லை | அலுவலகம் முழுக்கத் தெரியும் | இல்லை |
| மனித உரிமைகள் ஆணைக்குழு, உயர் நீதிமன்றம் | உரிமைத் தீர்ப்பு, கட்டளை | 1 மாதம் | முழுதாகத் தெரியும் | சட்டத்தரணி, கொழும்புப் பயணம் |

## கொடுத்துவிட்டுப் போவது

இதையும் ஒரு வழியாகச் சேர்ப்பதற்குக் காரணம், பெரும்பாலானோர் செய்வது இதுதான். ஆத்திரத்தோடும் வெட்கத்தோடும் செய்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல என்னால் முடியாது. மழைக்கு முன் வீட்டுக்குக் கூரை போட வேண்டியவருக்குக் கொள்கை பேச நேரமில்லை.

ஆனாலும் மறைவான செலவைத் தெரிந்துகொள்ளுங்கள். இலங்கைச் சட்டத்தில் இலஞ்சம் வாங்குவது போலவே கொடுப்பதும் குற்றம். கொடுத்த நிமிசத்தில் இருந்து வாங்கியவர் உங்களுக்குப் பயப்படத் தேவையில்லை, நீங்கள் அவருக்குப் பயப்பட வேண்டும். முறை தவறி வழங்கிய பத்திரத்தை அடுத்து வரும் அலுவலர் கேள்வி கேட்டால் முதலில் சிக்குவது உங்கள் காணிதான். இந்த வழி சிறந்தது என்று சொல்லக்கூடிய ஒரு சந்தர்ப்பம்கூட எனக்குத் தோன்றவில்லை.

## தகவல் அறியும் உரிமைக் கோரிக்கை

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. 19ஆவது திருத்தம் இதை 14அ உறுப்புரையில் அடிப்படை உரிமையாகவே எழுதியது. 20ஆவது திருத்தம் பலவற்றை அடித்துக்கொண்டு போனபோதும் அந்த உறுப்புரை தப்பி நின்றது. ஆட்சி மாற்றத்தைத் தாங்கிய வழி என்று நான் முதலில் சொல்வது இதைத்தான்.

எப்படி நடக்கிறது என்றால்: ஒவ்வொரு அரச அலுவலகத்திலும் ஒரு தகவல் அலுவலர் இருக்க வேண்டும். அவரிடம் எழுத்தில் கொடுக்கிறீர்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னால், அதை எழுதிக்கொள்வது அலுவலரின் கடமை. பெற்றுக்கொண்டதற்கு உடனே எழுத்தில் ஒப்புகை தர வேண்டும். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாளுக்குள் சொல்ல வேண்டும். பதில் இல்லை, அல்லது மறுப்பு என்றால் 14 நாளுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு. அங்கேயும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. சட்டத்தரணி வைக்காமலே இந்தப் படிகள் எல்லாவற்றையும் ஏறலாம்.

முக்கியமான விசயம், என்ன கேட்பது என்பது. "ஏன் என் வேலை தாமதம்?" என்று கேட்டால் ஒன்றும் வராது. இந்தச் சட்டம் பதிவுகளைத் தரும், விளக்கம் தராது. "யார் இலஞ்சம் கேட்டார்கள்?" என்றும் கேட்க முடியாது. இப்படிக் கேளுங்கள்:

1. இன்ன இலக்கக் கோப்பு இன்று எந்தப் பதவியில் உள்ள அலுவலரிடம் இருக்கிறது? எந்தத் திகதியில் அவரிடம் சென்றது?
2. அந்தக் கோப்பில் இதுவரை எழுதப்பட்ட குறிப்புகளின் பிரதி.
3. எனது விண்ணப்பத் திகதிக்குப் பிறகு, அதே கிராம சேவகர் பிரிவில் விண்ணப்பித்து அனுமதிப்பத்திரம் பெற்றவர்களின் எண்ணிக்கை, ஒவ்வொன்றும் வழங்கப்பட்ட திகதி.
4. இந்தச் சேவையை முடிக்க வேண்டிய காலத்தைக் குறிக்கும் சுற்றறிக்கையின் பிரதி.

மூன்றாவது கேள்வியில் எண்ணிக்கையும் திகதியும் மட்டும் கேட்பதைக் கவனியுங்கள். பெயர்களைக் கேட்டால் தனிநபர் தகவல் என்று சொல்லி 5ஆம் பிரிவைக் காட்டி மறுக்கலாம். திகதிகளை மறுப்பது கடினம். உங்களுக்குப் பின்னால் விண்ணப்பித்தவர்களுக்கு உங்களுக்கு முன்னால் கிடைத்திருந்தால் அந்தக் கடதாசியே பேசும். பல வேளை பதில் வருவதற்கு முன்பே கோப்பு அசைந்துவிடுகிறது, ஏனென்றால் பதிலில் யாரோ ஒருவர் கையொப்பம் வைக்க வேண்டும்.

மறைவான செலவும் உண்டு. நீங்கள் கோரிக்கை போட்டது அலுவலகத்துக்குத் தெரியும். முகம் சுளிப்பார்கள், வேறு வேலைக்குப் போனால் அலைய விடுவார்கள். பெரிய இடங்கள் நேரத்தை இழுத்தடிக்கும். சொத்து விபரம் சமர்ப்பித்த பாராளுமன்ற உறுப்பினர்களின் பெயர்ப் பட்டியலை ஒரு பத்திரிகையாளர் 2018இல் கேட்டார். ஆணைக்குழு வெளியிடச் சொன்னது, பாராளுமன்றம் மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. 2023இல்தான் நீதிமன்றம் ஆணைக்குழுவின் பக்கம் நின்றது. பெயர்ப் பட்டியலுக்கே ஐந்து வருசம்! ஆனால் பிரதேச செயலகம் ஒன்று உங்கள் காணிக் கோப்புக்காகக் கொழும்பு நீதிமன்றம் வரை போகாது.

யாருக்கு இது பொருத்தம்: காரியம்தான் முக்கியம், கையில் ஆதாரம் இல்லை, யாரையும் நேரடியாகக் குற்றம் சாட்ட விருப்பமில்லை என்பவருக்கு. பிரதேச சபை வீதி வேலை, கொள்முதல், கேள்விப்பத்திரம் போன்ற பொதுப்பணத்தைப் பற்றிய சந்தேகங்களுக்கும் முதல் படி இதுதான்.

## இலஞ்ச ஊழல் ஆணைக்குழு

2022இல் நாடு கடனைக் கட்ட முடியாமல் விழுந்தது. அதன் பிறகு சர்வதேச நாணய நிதியத்தின் நெருக்குதலும் சேர்ந்து வந்ததுதான் 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம். 1954ஆம் ஆண்டின் இலஞ்சச் சட்டம், 1975ஆம் ஆண்டின் சொத்து வெளிப்படுத்தல் சட்டம், 1994ஆம் ஆண்டின் ஆணைக்குழுச் சட்டம் மூன்றையும் நீக்கிவிட்டு அது வந்தது. முறைப்பாடு இல்லாமலேகூட ஆணைக்குழு தானாக விசாரிக்கலாம். தகவல் தருபவருக்கும் சாட்சிக்கும் பாதுகாப்புப் பிரிவுகள் இருக்கின்றன. பாலியல் இலஞ்சமும் இலஞ்சமே என்று சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது. வீட்டுத்திட்டத்துக்கும் காணிப் பத்திரத்துக்கும் தனியாக அலையும் பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய விசயம் என்பது வடக்குக் கிழக்கில் வாழ்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

தொலைபேசி இலக்கம் 1954. இந்த வழி நன்றாக வேலை செய்வது ஒரு சந்தர்ப்பத்தில்: கேட்டுவிட்டார்கள், இன்னும் கொடுக்கவில்லை. அப்போது ஆணைக்குழு சுற்றிவளைப்பு ஒழுங்கு செய்யலாம். கொடுக்கப்போகும் நோட்டுகளின் இலக்கங்களைக் குறித்து வைப்பார்கள். உங்களோடு உறவினர் போலவோ நண்பர் போலவோ ஒரு உத்தியோகத்தர் வருவார். பணம் எதற்கு என்று எதிரே இருப்பவர் சொல்வதை அவரும் கேட்க வேண்டும், பணம் கை மாறுவதை அவரும் பார்க்க வேண்டும். பிறகு கைது. பின்னால் வழக்கில் உங்கள் சாட்சியம்தான் முதுகெலும்பு. இந்தக் கடைசி வரியைப் பலர் யோசிக்காமலே தொலைபேசியை எடுக்கிறார்கள்.

ஏனென்றால் மறைவான செலவு அங்கேதான் இருக்கிறது. வழக்குகள் வருசக்கணக்கில் போகும். சதொச ஊடாக 14,000 கெரம் பலகைகளும் 11,000 தாம் பலகைகளும் இறக்குமதி செய்து அரசுக்கு 5 கோடி ரூபாவுக்கு மேல் நட்டம் ஏற்படுத்திய விவகாரம் 2014இல் நடந்தது. முன்னாள் அமைச்சர்கள் மகிந்தானந்த அளுத்கமகேக்கு 20 வருடமும் நளின் பெர்னாண்டோவுக்கு 25 வருடமும் கொழும்பு மேல் நீதிமன்றம் தண்டனை கொடுத்தது 2025 மே மாதம். அமைச்சர் மட்டத்தில் தண்டனை கிடைப்பதை நம் வாழ்நாளில் பார்க்கிறோம் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். ஆனால் அந்தத் தூரத்தையும் சேர்த்துப் பாருங்கள், பத்து வருசத்துக்கு மேல்.

இன்னொன்று மொழி. ஆணைக்குழு கொழும்பில். முறைப்பாட்டைத் தமிழில் எழுதலாம். வாக்குமூலம் எடுக்கும்போது தமிழில் எழுதச் சொல்லுங்கள். வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதியதற்குக் கீழே கையொப்பம் வைக்காதீர்கள், எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி. பொய்யென்று தெரிந்தே செய்யும் முறைப்பாடும் குற்றம் என்பதால் நடந்ததை மட்டும் சொல்லுங்கள். சந்தேகத்தைச் சந்தேகம் என்றே சொல்லுங்கள்.

கொடுத்து முடித்த பழைய கதைக்கு இந்த வழி பலவீனம், நீங்களும் கொடுத்தவர் என்பதால் ஆபத்தும் உண்டு. அந்த நிலையில் சட்டத்தரணி ஒருவரிடம் பேசாமல் 1954க்கு அழைக்க வேண்டாம்.

## மேலதிகாரியிடமும் உள்ளே இருக்கும் பிரிவுகளிடமும்

முதலில் கேட்டவர் எந்த நிருவாகத்தின் கீழ் என்று பாருங்கள். பிரதேச செயலகம் மத்திய அரசின் கீழ் வருகிறது: அங்கே பிரதேச செயலாளர், அவருக்கு மேல் மாவட்டச் செயலாளரான அரசாங்க அதிபர். பிரதேச சபை மாகாணத்தின் கீழ்: உள்ளூராட்சி ஆணையாளர். தவறான கச்சேரிக்குப் போன கடிதம் அங்கேயே கிடந்து மஞ்சளாகிப் போகும். 2025இல் இருந்து அரச நிறுவனங்களில் உள்ளக அலுவல்கள் பிரிவுகளும் அமைக்கப்படுகின்றன.

மேலே இருப்பவர் நேர்மையானவர் என்று ஊரே சொன்னால் இதைவிட வேகமான வழி இல்லை. ஒரே கிழமையில் கோப்பு கையெழுத்தாகி வரும். இல்லாவிட்டால் உங்கள் முறைப்பாடு யாரைப் பற்றியதோ அவர் மேசைக்கே விளக்கம் கேட்டுப் போகும். அதிகபட்சம் கிடைப்பது பெரும்பாலும் இடமாற்றம்தான், அதாவது உங்கள் பிரச்சினை வேறு ஊர் மக்களுக்குப் போகிறது. பாராளுமன்ற நிருவாக ஆணையாளர் என்ற ஒம்புட்ஸ்மனுக்கும் நேரடியாக எழுதலாம். அவர் பரிந்துரைதான் செய்வார், தண்டிக்க மாட்டார்.

## மனித உரிமைகள் ஆணைக்குழுவும் உயர் நீதிமன்றமும்

தகுதி இருந்தும் உங்களைத் தள்ளிவிட்டுப் பணம் கொடுத்தவருக்கு வேலையையோ அனுமதியையோ கொடுத்தார்கள் என்றால், அது சட்டத்தின் முன் சமத்துவம் என்ற 12(1) உறுப்புரையை மீறுவது. 126ஆவது உறுப்புரையின் கீழ் நேராக உயர் நீதிமன்றம் போகலாம். ஆனால் மீறல் நடந்து ஒரே மாதத்துக்குள். பலர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு, திருகோணமலை, கல்முனை ஆகிய இடங்களில் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகங்கள் இருக்கின்றன. அந்த ஒரு மாதத்துக்குள் அங்கே முறைப்பாடு செய்தால், அவர்களின் விசாரணை நடக்கும் காலம் இந்தக் கணக்கில் சேராது. அதை மட்டும் நம்பி இருந்துவிட வேண்டாம். விசாரணை உண்மையிலேயே நடந்துகொண்டிருக்கிறது என்பதற்கு உயர் நீதிமன்றம் சான்று கேட்டிருக்கிறது, முறைப்பாட்டு இலக்கம் மட்டும் போதாமல் போகலாம். அவர்களிடம் இருந்து வரும் ஒவ்வொரு கடிதத்தையும் கவனமாக வையுங்கள்.

இந்த வழியால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு 2023 நவம்பர் 14ஆம் திகதித் தீர்ப்பு சாட்சி. கோட்டாபய, மகிந்த, பசில் ராஜபக்ஷ சகோதரர்களும் முன்னாள் மத்திய வங்கி ஆளுநர்கள் இருவரும் வேறு சில உயரதிகாரிகளும் பொருளாதார நெருக்கடிக்குப் பொறுப்பு, மக்களின் நம்பிக்கைப் பொறுப்பை மீறினார்கள் என்று நீதிமன்றம் பெரும்பான்மையாகச் சொன்னது. மனுதாரர்களுக்கு வழக்குச் செலவாக 150,000 ரூபா கொடுக்கச் சொன்னது. அவ்வளவுதான். யாரும் சிறைக்குப் போகவில்லை, ஏனென்றால் இது குற்றவியல் வழக்கு இல்லை. அந்தப் பிரகடனத்துக்கு மதிப்பு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் தனி ஒருவர் காணிக் கோப்புக்காக, உயர் நீதிமன்றம் இருக்கும் கொழும்புப் புதுக்கடை வரை போவதற்கு முன் சட்டத்தரணி செலவையும் பயணத்தையும் கூட்டிப் பார்க்க வேண்டும். ஆட்சேர்ப்பு, பதவி உயர்வு, உரிமம், பெரிய தொகைக் கேள்விப்பத்திரம் போன்றவற்றுக்கு இது சரியான இடம். பலர் சேர்ந்து போனால் செலவும் பயமும் குறையும்.

## முகநூலில் போடுவது

கேட்பவர்கள் இருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். பெயரோடு போட்டால் மானநட்ட வழக்கு வரலாம். இணையத்தில் போடுபவற்றுக்கான நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் 2024 பெப்ரவரியில் இருந்து இருக்கிறது. அதைவிட முக்கியம், கேட்டவர் எச்சரிக்கையாகிவிடுவார். அதன் பிறகு சுற்றிவளைப்புக்கு வழியே இல்லை. தகவல் கோரிக்கைக்கு வந்த பதிலைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளூர் நிருபர் ஒருவரிடம் போவது எவ்வளவோ மேல்.

## எதை முதலில், எதைப் பிறகு

இவற்றில் ஒன்றை எடுத்தால் மற்றது போய்விடும் என்றில்லை. ஆனால் ஒழுங்கு முக்கியம். பணம் கேட்டிருக்கிறார்கள், நீங்கள் சாட்சி சொல்லவும் தயார் என்றால் முதலில் 1954. அதற்கு முன் தகவல் கோரிக்கை போட்டால் அவர் உசாராகிவிடுவார். சாட்சி சொல்லும் நிலையில் நீங்கள் இல்லை, அல்லது யாரும் வாய் திறந்து கேட்காமல் கோப்பை மட்டும் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்றால் தகவல் கோரிக்கை முதலில், பதிலை இணைத்து மேலதிகாரிக்குக் கடிதம் பிறகு. உங்களை ஒதுக்கி வேறு ஒருவருக்குக் கொடுத்த முடிவு கையில் கிடைத்துவிட்டது என்றால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு நாட்காட்டியைப் பாருங்கள். கடிதத்தின் திகதியில் இருந்து ஒரு மாதம் ஓடத் தொடங்கிவிட்டது. அந்தக் கிழமையே சட்டத்தரணி ஒருவரிடமும் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்திடமும் போய்விடுங்கள், தகவல் கோரிக்கை பக்கத்தில் ஓடட்டும்.

எந்த வழியாக இருந்தாலும் இன்றைக்கே ஒரு கொப்பியை எடுத்து எழுதுங்கள்: எந்தத் திகதி, எத்தனை மணி, எந்த அறை, யார், என்ன வார்த்தை சொன்னார், எவ்வளவு கேட்டார், பக்கத்தில் யார் இருந்தார். கையில் கொடுக்கும் கடிதம் என்றால் உங்கள் பிரதியில் முத்திரையும் திகதியும் வாங்குங்கள். தபாலில் என்றால் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டை அந்தக் கொப்பியிலேயே ஒட்டி வையுங்கள்.